நன்னூலின் காற்கூறும் செயல்வழிக் கற்றலும்: தொடக்கநிலைத் தமிழ் வகுப்பறையை முன்வைத்து

முன்னுரை

தொடக்கக் கல்வி குறித்த விவாதங்களில் ஆசிரியர்வழிக் கற்பித்தலும் மாணவர் மையக் கற்றலும் இரு எதிர்முனைகளாகவே வைக்கப்படுகின்றன. முன்னது பழைமை, பின்னது புதுமை என்னும் எண்ணமும் உடன்வருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் செயல்பாடு, கண்டறிதல், குழந்தை நேயம் ஆகியவற்றின் வழியே கற்றல் நிகழ வேண்டும் என்கிறது. தமிழ் எழுத்தையும் வாசிப்பையும் முதன்முதலாகக் கற்கும் குழந்தைக்கு இப்பகுப்பு எவ்வளவு பொருந்தும் என்பதை நன்னூற் பொதுப்பாயிரத்தையும் செயல்வழிக் கற்றல் முறையையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை ஆராய்கிறது.

பவணந்தியாரின் கணக்கு

நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடங் கேட்கும் முறை ஆகியவற்றைத் தனித்தனியே வரையறுக்கிறது. மாணாக்கனின் ஏற்புத்திறத்தை அறிந்து அதற்கேற்பச் சொல்லுமாறு ஆசிரியனைப் பணிக்கிறது. கேட்போனை அளவுகோலாகக் கொள்ளும் இக்கருத்து அண்மைக்காலத்தது அன்று. பாடங் கேட்டலைப் பற்றிப் பேசுமிடத்துப் பவணந்தியார் ஒரு கணக்கும் தருகிறார். ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது காற்கூறு. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு.

இக்கணக்கு இலக்கணம் பயிலும் வளர்ந்த மாணாக்கனுக்கு உரியது. ஆறு வயதுக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்துதல் பிழையாகும். ஆயினும் அதன் அமைப்பு கருதத்தக்கது. ஆசிரியர், உடன்பயில்வோர், தன்முயற்சி ஆகிய மூன்றும் ஒரே கல்வியின் கூறுகளாக அங்கு நிற்கின்றன.

ஆறு குழுக்கள்

ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முன்மாதிரியைத் தழுவி, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. பாடப்பொருள் மைல்கற்களாகவும் அட்டைகளாகவும் பகுக்கப்பட்டது. ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துக் குழந்தை தானே தன் அட்டையை எடுத்துக்கொள்ளும்; பாயில் அமர்ந்து பயிலும்; சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள கரும்பலகையில் எழுதும். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, சுயகற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்கள் அமைந்தன. நன்னூல் கூறும் மூன்று நிலைகளும் இவ்வரிசையில் உள்ளன.

வேறுபாடு ஒன்றும் உண்டு. நன்னூலில் எடுத்துரைப்பவனுக்கே பெரும்பயன். செயல்வழிக் கற்றலிலோ சக மாணவர் உதவி, பெறுபவரின் தேவையை முன்னிட்டே அமைந்தது. சாதனை அட்டை ஒவ்வொரு குழந்தையும் கடந்த மைல்கல்லையே காட்டும். உதவிய குழந்தை அதனால் பெற்ற பயன் அங்குப் பதிவாவதில்லை.

உடன்பயில்வோர் கற்பித்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முறைவைக்க மற்றவர் திருப்பிச் சொல்வர். (அச்சொல் இன்று ஏளனக் குறிப்பாகிவிட்டது வேறு கதை.) சென்னை ஆண் அனாதை விடுதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கு வகுத்தார், 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஆசிரியர் பற்றாக்குறையே அம்முறைக்கு ஊக்கம் தந்தது. இன்றும் அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் எனச் சட்டம் கூறுகிறது. ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் பள்ளியில் மாணவர் மையக் கற்றல் கொள்கை என்பதைவிடத் தேவை என்பதே பொருந்தும்.

அட்டை பேசாத இடம்

தமிழ் எழுத்து முறையின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. ககரம் ‘கல்’, ‘பகல்’, ‘சங்கு’ ஆகியவற்றில் மூவகையாக ஒலிக்கிறது, வடிவம் ஒன்றே. அறிந்த சொல்லாயின் குழந்தையின் செவியே திருத்திவிடும். ‘வருகிறார்கள்’ போன்ற எழுத்துவழக்கு வடிவத்தை, ‘வர்றாங்க’ என்றே கேட்டு வளர்ந்த குழந்தை அட்டையில் எதிர்கொள்கையில் அத்துணை இல்லை. எழுத்தைக் கூட்டிப் படித்தாலும் அது தான் அறிந்த சொல்தான் என்பது விளங்காமற் போகலாம்.

லகர, ளகர, ழகர வேறுபாடு இன்னும் கடினமானது. ‘பழம்’ சில வட்டாரங்களில் ‘பளம்’ என்றும் சிலவற்றில் ‘பயம்’ என்றும் வழங்கும். உதவும் குழந்தையும் உதவி பெறும் குழந்தையும் ஒரே தெருவினர், ஒரே ஒலிப்பினர். சக மாணவர் குழுவில் இப்பிழை திருந்த வழியில்லை. ஆசிரியர் வாய்மொழியே குழந்தை அவ்வேறுபாட்டை முதன்முதலாகக் கேட்கும் இடம். இந்தக் காற்கூற்றை அட்டையிடம் ஒப்படைப்பது இழப்பு என்பதே என் துணிபு.

இதனால் வகுப்பு முழுவதும் ஒருமித்து ஒப்பிக்கும் பழைய முறை சிறந்ததாகிவிடாது. கூட்டொலியில் அருகிலிருப்பவர் வாயைப் பார்த்து அரைநொடி பிந்திச் சொல்லும் குழந்தையை ஆசிரியர் அறிய இயலாது. அக்குழந்தையைத் தனியே வாசிக்கவைத்துக் கண்டறிந்தது செயல்வழிக் கற்றலின் மதிப்பீட்டுக் குழு. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் குழந்தைகளைப் பகுத்ததும் இத்தேவை கருதியே.

ஈராசிரியர் பள்ளியில் ஆசிரியரின் நேரமே மிக அரிய வளம். ஒலி வேறுபாட்டையும், பேச்சுவழக்கிலிருந்து விலகிய சொல் வடிவங்களையும் அறிமுகம் செய்ய அந்நேரத்தை முதலில் ஒதுக்கலாம். எழுத்து வரைதல், அறிந்த சொற்களை வாசித்தல், கதை திருப்பிச் சொல்லல் ஆகியவற்றைக் குழுக்களிடம் விடலாம். சாதனை அட்டையில், அக்குழந்தை யாருக்கு எதைச் சொல்லிக் கொடுத்தது என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம்.