சொந்த லோரிக்கு என்ன அவசரம்?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் இரண்டே பேச்சுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த தனியார் கல்லூரியிலேயே நம் பிள்ளையும் சேர வேண்டும், இல்லாவிட்டால், "படிப்பு ஏறலையா, லோரிக்கு அனுப்பு." பையனின் வாயைத் திறக்க விடுவதில்லை.

நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், உங்கு ஓமார் போலிடெக்னிக் என்று போகட்டும். அவர்களுக்கு வழி சொல்ல ஆள் உண்டு. வண்டிமேல் உண்மையாகவே ஆசை உள்ளவனுக்குத்தான் இதை எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஓட்டலாம், பட்டறையில் தொழில் கற்கலாம், சொந்தமாக ஒரு லோரி வாங்கலாம்.

சம்பளத்துக்கு ஓட்டுவது மோசமான பிழைப்பல்ல. கந்தான், தாசேக் சிமெண்டு, சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல், லுமுட் துறைமுகச் சரக்கு, ரப்பர் போன இடத்தில் வந்த செம்பனைக் குலை என்று பேராக்கில் ஏற்றுவதற்குப் பொருள் குறைவதில்லை. கவனிக்க வேண்டியது சம்பளச் சீட்டை. 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே அடிப்படைச் சம்பளத்தை வைத்து, மீதியை ட்ரிப் காசாகக் கையில் கொடுக்கும் முதலாளிகள் உண்டு. இருபத்தைந்து வயதில் அது இனிக்கும். சேமநிதியும் சொக்சோவும் எந்தத் தொகைக்குக் கட்டப்படுகின்றன என்பது முதுகு போன பிறகுதான் தெரியும்.

ஈ உரிமமும் ஜி.டி.எல்.லும் எடுக்க 21 வயதாக வேண்டும். பள்ளி முடித்தவனுக்கு இடையில் மூன்று வருடம் இருக்கிறது. அதைக் கெலிண்டானாக மூட்டை தூக்கியே கழிக்காதீர்கள். ஐ.எல்.பி.யிலோ கியாட்மாராவிலோ கனரக வாகனப் பராமரிப்புப் படித்து மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கிவிட்டால், பிறகு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சோறு உண்டு. நான் லோரிப் பட்டறையில் காலம் தள்ளியவன். எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரியாத ஓட்டுநரை அரை ஓட்டுநர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இந்தச் சாய்வைக் கழித்துவிட்டே படியுங்கள்.

இனி சொந்த லோரி. தோட்டத்து லைன் வீட்டை விட்டு வந்த குடும்பங்களில் இந்தக் கனவுக்குத் தனி மவுசு. அப்பா 55 வயதில் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுப்பார். மகனுக்குப் பழைய பத்துச் சக்கர லோரி ஒன்றுக்கு முன்பணம் கட்டுவார். கண்ணாடியில் பெயர் எழுதிப் படம் எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்புவார்கள். பட்டறைக்கு அந்த வண்டி வரத் தொடங்கும்போதுதான் கணக்கு வெளியே வரும்.

லோரி வாங்கினால் தொழில் வந்துவிடாது. பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற 'ஏ' வகை இயக்குநர் உரிமம் வேண்டும். அது இல்லாதவன் வேறொருவர் பெர்மிட்டை மாத வாடகைக்குப் பிடிக்கிறான். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் இறந்தார்களே, அதன் பிறகு இந்த வாடகைப் பழக்கத்தின் மேல் அரசின் கண் விழுந்திருக்கிறது. டீசலைப் பாருங்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்குத் தாவியது. மானிய அட்டை உள்ள நிறுவனங்கள் பழைய விலைக்கே போட்டுக்கொண்டன. அட்டை இல்லாதவன் முழு விலை கொடுத்தான். வாடகைக் கொள்முதல் சட்டத்தின் பாதுகாப்பும் 2,540 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்குக் கிடையாது. தவணை தவறினால் என்ன நடக்கும் என்பது நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் எழுதியிருப்பதுதான்; அதை யார் படிக்கிறார்கள்! இதோடு ஆறு மாதத்துக்கொரு புஸ்பாகோம் சோதனை, டயர், சம்மன்.

கடன் நெருக்கும்போது பாரம் கூடுகிறது, தூக்கம் குறைகிறது, பிரேக் வேலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங்கை நோக்கி இறங்கும் சரிவில் அந்த வண்டிக்குப் பின்னால் நீங்களும் நானும் போகிறோம்.

எல்லாருக்கும் இந்த வேலை ஒத்துவராது. துறைமுக வரிசையில் ஐந்து மணி நேரம் எரிச்சலில்லாமல் உட்கார முடியுமா? தூக்கம் வந்தால் முதலாளி கத்தினாலும் ஓரங்கட்டத் துணிவு உண்டா? வீட்டில் இனிப்புநீர் இருந்தால் இருபது வயதிலேயே தேநீரில் சீனியைக் குறைக்க முடியுமா? கை வேகமாக இருப்பவனைவிட மனம் நிதானமாக இருப்பவனே இதில் நிலைக்கிறான். கல்லூரிக்கும் அதே நிதானம் வேண்டும். ஊர் போகிறதென்று போனவன் இரண்டாம் பருவத்தில் திரும்பி வருகிறான், கல்விக் கடன் மட்டும் தங்கிவிடுகிறது.

சொந்த லோரி வேண்டவே வேண்டாமா? பத்து வருடம் சம்பளத்துக்கு ஓட்டி, சரக்கு தருகிறவர்களை நேரில் அறிந்து, உரிமமும் தன் நிறுவனத்தின் பெயரில் கிடைத்த பிறகு வாங்கட்டும். அதுவரை அப்பாவின் சேமநிதி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மகனுக்குச் செலவழித்தே ஆக வேண்டுமென்றால், ஈ உரிமத்துக்கும் ஜி.டி.எல்.லுக்கும் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொள்ளட்டும்.