இதயமும் வம்சமும்



யாருக்காவது நெஞ்சுவலி வந்தால் நம்ம ஊர்ப் பெரியவங்க, "அது அவங்க வம்சத்துல வர்றது, யாரு என்ன செய்ய முடியும்?" என்பார்கள். இது பாதி சரி, பாதி தவறு.

முதலில் சரியான பாதி. இதயம் ஒரு தசை. நிமிடத்திற்குச் சுமார் 72 முறை, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. அந்தத் தசையின் புரதங்களை உருவாக்கும் குறிப்பு மரபணுவில் உள்ளது. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி தங்கராஜ் முதலியோர் 2009-ல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் சிலருக்கு விடுபட்டிருக்கின்றன. இந்தியர்களில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இப்படி. இவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் ஆபத்து அதிகம். ஆனால் எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான் தெரியும். இரண்டு பிரதியிலும் குறை இருந்தால் சின்ன வயசிலேயே கடுமையாகலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் இந்த வாய்ப்பு கூடும்.

இனி தவறான பாதி. மாரடைப்பு வேறு நோய். அது இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பதால் வருவது. 2004-ல் 52 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. அதை நடத்திய டாக்டர் சலீம் யூசுப் பிறந்தது, நம்ம செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயில் பாதையில் உள்ள கொட்டாரக்கரையில்! புகை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மனக்கவலை, காய்கறி பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது முதலிய 9 காரணங்களே மாரடைப்பு ஆபத்தில் சுமார் 90 சதவீதம் என்று அதில் தெரிந்தது. இவற்றில் பலவும் நம்ம கையில்தான் இருக்கு.

நம்ம பக்கம் நிறைய வீட்டில் பீடி சுத்துறாங்க. அது பிழைப்பு, குறை சொல்ல முடியாது. ஆனா அதைக் குடிக்கிற அப்பா, தாத்தாகிட்ட நாமதான் பேசணும்.

இன்றைக்கே வீட்டில் கேளுங்கள்: சொந்தத்தில் யாராவது சின்ன வயசில் இதய நோயால், அல்லது திடீரென்று இறந்தார்களா? இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், "காலையில சாப்பிடலை, அதான்" என்று விட்டுவிடாமல் பி.டி. சாரிடம் சொல்லுங்கள்.

வம்சத்தை மாத்த முடியாது. வழக்கத்தை மாத்தலாம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மேலகரம்