தீவனத்தில் நறுமண எண்ணெய்: ஓர் இளம் கோழி மருத்துவருக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நாமக்கல் பக்கம் லேயர் பண்ணைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய், சந்தோஷம். கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன எசென்ஷியல் ஆயில் பொடியைத் தீவனத்தில் போடலாமா என்று பண்ணையாளர் கேட்டாராம், உனக்குச் சட்டென்று பதில் வரவில்லையாம். வராமல் போனதே நல்லது. எந்த ஷெட்டுக்கு, எந்த மாதத்தில், எந்தக் குறைக்கு என்று கேட்காமல் "போடுங்க" என்றோ "வேண்டாங்க" என்றோ சொல்லிவிடக்கூடிய பொருள் இல்லை இது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்கிறது என்று வை. ஒரு டன் தீவனம் ஏறத்தாழ 9,000 கோழிக்கு ஒரு நாள் தீனி. 90 சதவீத உற்பத்தி என்றால் 8,100 முட்டை. பொடி கிலோ 600 ரூபாய், டன்னுக்கு 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் செலவு 90 ரூபாய். முட்டைக்கு ஒரு பைசா சொச்சம். பண்ணை விலை 5 ரூபாயாக இருந்தால் கூடுதலாக 18 முட்டை கிடைத்தாலே போட்ட காசு திரும்பிவிடும். 9,000 கோழியில் 18 முட்டை என்பது 0.2 சதவீதம்.

இதைக் கேட்டால் பண்ணையாளர் முகம் மலரும். நீ யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். ஒரு நாள் வெயில் கூடினால், மாலையில் ஒரு மணி நேரம் கரண்ட் போய் லைட் எரியாவிட்டால், மக்காச்சோளம் ஒரு லோடு மாறினால், உற்பத்தி இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். ஆகவே இந்த எண்ணெய் காசை மீட்டுத் தந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, தராவிட்டாலும் தெரியாது. விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் நிரூபணம் இல்லாமலே விற்றுப்போகும் சரக்கு. ஆலோசகர் என்று உனக்குச் சம்பளம் கொடுப்பது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

சரக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். ஓமத்திலும் தைம் செடியிலும் இருக்கும் தைமால், ஆரிகனோவில் இருக்கும் கார்வக்ரால், பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு, கிராம்பில் இருக்கும் யூஜினால் – பெரும்பாலான பொடிகள் இந்த நான்கைச் சுற்றித்தான். தைமாலும் கார்வக்ராலும் பாக்டீரியாவின் மேல்சவ்வில் புகுந்து அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளே இருக்கும் பொட்டாசியம் போன்ற அயனிகள் வெளியே கசிகின்றன. குடல் புண் நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் மாதிரி கிராம்-பாசிட்டிவ் கிருமிகள் இதற்குச் சுலபமாக மசியும். ஈ.கோலை, சால்மோனெல்லா இரண்டுக்கும் வெளியே இன்னொரு உறை உண்டு. அவை அவ்வளவு எளிதில் மசியாது.

ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அளவு வேறு, டன்னுக்கு 150 கிராம் போட்டால் குடலில் போய்ச் சேரும் அளவு வேறு. பின்னது மிகவும் குறைவு. அதனால் "கிருமியைக் கொல்லும்" என்று விற்பனைப் பிரதிநிதி காட்டும் படத்தைப் பார்த்து மயங்காதே. குடலில் நுண்ணுயிர்களின் விகிதம் கொஞ்சம் நல்ல பக்கம் சாய்வது, செரிமான நொதிகள் சற்றுக் கூடச் சுரப்பது, திசுக்கள் ஆக்சிஜனேற்றத்தால் கெடுவது குறைவது – இவ்வளவுதான் எதிர்பார்க்கத் தக்கவை. கடைசியாகச் சொன்னதற்குச் சான்று உண்டு. கிரேக்கத்தில் தெசலோனிகி ஆய்வாளர்கள் தைம் இலையைக் கோழிக்குத் தீவனத்தில் கொடுத்துப் பார்த்து, மஞ்சள் கருவின் கொழுப்பு கெடுவது குறைந்ததாக 1997-இலேயே எழுதினார்கள். முட்டை எண்ணிக்கை பற்றிய ஆய்வுகள் இப்படி ஒரே திசையில் இல்லை. கூடியது என்றும் உண்டு, எந்த வித்தியாசமும் இல்லை என்றும் உண்டு. சுத்தமான சோதனைக் கூடத்தில், நல்ல தீவனத்தில், சொகுசாக வளரும் கோழிக்கு எண்ணெய் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது? குடலுக்குச் சிரமம் இருக்கும் இடத்தில்தான் இதற்கு வேலை.

மஞ்சள் கரு நன்றாகச் சிவக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. நிறம் தருவது மக்காச்சோளமும் செண்டுமல்லிச் சாறும்.

இந்தப் பொடிகளுக்கு இவ்வளவு மவுசு வந்த கதையும் தெரிந்திருக்கட்டும். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றிலும் நிறுத்தியது. அங்கே விழுந்த வெற்றிடத்தில்தான் ஆர்கானிக் அமிலம், புரோபயாடிக், நறுமண எண்ணெய் எல்லாம் சந்தைக்கு வந்தன. நம் நாட்டில் 2019 ஜூலையில் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. முட்டையில் மருந்து எச்சம் இருந்தால் கன்டெய்னர் நிற்கும். இதையெல்லாம் சொல்லி "ஆன்டிபயாடிக்குக்கு மாற்று" என்று பொடியை நீட்டுவார்கள். தீவனத்தில் தினமும் சிறிதளவு கலந்துவந்த ஆன்டிபயாடிக்கின் இடத்துக்கு வேண்டுமானால் இது ஓரளவு மாற்று. நோய் வந்த கோழிக்குக் கொடுக்கும் மருந்துக்கு இது மாற்று இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்ட பண்ணைகளில் சாவு எண்ணிக்கை ஏறிய பிறகுதான் மருத்துவருக்கு போன் வரும்.

எங்கே இதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசிதான். மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருந்தால் ஈரப்பதம் பார்த்து வாங்குவதும், நச்சுக் கட்டுப்படுத்தியும்தான்; மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்பு. தண்ணீர்த் தொட்டியில் பாசி இருந்தால் தொட்டியைக் கழுவச் சொல். ஓடு மெலிந்தால் கிரிட்டின் பருமனையும் கால்சியத்தையும் வைட்டமின் டி3-யையும் பார். சளிக்கு மென்தால், யூகலிப்டஸ் கலந்த திரவத்தை ஸ்ப்ரே அடிப்பது கோழிக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவே. தண்ணீரில் கலக்கும் வகையாக இருந்தால், உயிர்த் தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் பிந்தின நாளிலும் நிறுத்திவிடு. நிறுத்தியதும் நிப்பிள் லைனை நன்றாக ஃபிளஷ் செய்யச் சொல்.

சரி, வாங்குவது எப்படி? டப்பாவின் மேல் "மூலிகைச் சாறுகளின் சிறப்புக் கலவை" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் கீழே வைத்துவிடு. எந்தப் பொருள், எத்தனை சதவீதம் என்று பகுப்பாய்வுச் சான்று கேள். அதுவும் அந்த பேட்ச்சுக்கு. ஓமமும் ஆரிகனோவும் விளைந்த மண்ணையும் அறுத்த காலத்தையும் பொறுத்து எண்ணெயின் கலவை மாறும், ஆகையால் போன வருஷத்துச் சான்று செல்லாது. தொழிற்சாலையில் செய்த தைமாலாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அளவு நிச்சயமாக இருந்தால் போதும்.

அடுத்தது பூச்சு. பூச்சில்லாத எண்ணெயில் பெரும்பகுதி சிறுகுடலின் முதல் பாதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கிருமித் தொல்லை இருக்கும் கீழ்ப்பகுதிக்கு மிச்சம் போய்ச் சேராது. தாவரக் கொழுப்பில் பொதிந்த நுண்மணிகளாக இருந்தால் கீழே வரை போகும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார், பிறகு கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து மறுபடி முகர்ந்து பார். பூச்சு சரியாக இருந்தால் முதலில் வாசனை மெலிதாகவும் தேய்த்த பிறகு மூக்கைத் துளைப்பதாகவும் இருக்கும். பையைத் திறந்ததுமே மில் முழுக்க ஓமம் மணந்தால், காற்றில் போவது பண்ணையாளர் காசு. நம் பக்கம் லேயருக்கு மேஷ்தான் அரைக்கிறோம், பெல்லட் சூடு இல்லை. அந்த வகையில் நமக்கு இழப்பு குறைவு. ஆனால் தகர ஷெட் குடோனில் மே மாத வெயிலில் திறந்து வைத்த பை, பெல்லட் மெஷினைவிடக் கேடு.

"ஓமத்தையே அரைத்துப் போட்டால் என்னங்க?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் உலகப் போருக்கு முன்பு தைமால் எடுப்பதற்காக இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கிலோ ஓமத்தில் எண்ணெய் 20-லிருந்து 40 கிராம். அதில் ஏறத்தாழ பாதிதான் தைமால். டன்னுக்கு 50 கிராம் தைமால் வேண்டுமென்றால் இரண்டரை முதல் ஐந்து கிலோ ஓமம் அரைக்க வேண்டும். அன்றைய ஓமம் விலையை வைத்து அவரையே பெருக்கிப் பார்க்கச் சொல்.

கலக்குவதில்தான் பாதிப் பண்ணைகள் கோட்டை விடுகின்றன. 150 கிராம் பொடியை நேராக ஒரு டன் மிக்சரில் தட்டினால் ஒரு மூட்டையில் இருக்கும், இன்னொரு மூட்டையில் இருக்காது. ஐந்து கிலோ நைசான தவிட்டில் கையால் நன்றாகக் கலந்து, அதைப் பத்துப் பதினைந்து கிலோவாக்கி, பிறகு மிக்சரில் விடவேண்டும். சொல்லிவிட்டு வந்துவிடாதே, ஒரு தடவையாவது மில்லில் நின்று பார். தராசு இல்லாமல் டப்பா மூடியால் அளந்து போடும் கையை நீயே பார்ப்பாய். பலன் இல்லை என்ற புகார்களில் பல அந்த மூடியிலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம்.

கோடை பற்றிக் கேட்டிருந்தாய். நாமக்கல்லில் வெயில் 40 டிகிரியை ஒட்டும்போது கோழி வாயைப் பிளந்து இரைக்கும். அப்போது ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் குறைகிறது. தீனியும் எடுக்காது. தோல் முட்டை, உடைசல் கூடும். கல்லூரியின் வானிலை ஆலோசனையில் "வெப்ப அயற்சி" என்று வாரா வாரம் பேப்பரில் படிக்கிறோமே, அது இதுதான். இதற்கு முதல் மருந்து நேரம்: தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடு. தண்ணீர்த் தொட்டிக்கு நிழல், ஃபாகர், உப்பில் ஒரு பகுதிக்குப் பதில் சோடா உப்பு, வைட்டமின் சி, ஈ. இவை எல்லாம் நடந்த பிறகு எண்ணெய் போடலாம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணத்துக்காகவும், குடல் சோர்ந்து எச்சம் தண்ணீராகப் போவதைக் குறைக்கவும் போடலாம். வெயில் அடித்த பிறகு ஓடிப்போய் வாங்காதே. பிப்ரவரி கடைசியிலேயே ஆரம்பித்துவிடு.

உன் பண்ணையாளருக்கு என் பதில் இதுதான். எச்சம் இளகியிருக்கும் ஷெட் எது, முட்டைக்கு வந்த புதுக் கோழி எந்த ஷெட்டில் என்று கேள். ஒரே வயது, ஒரே இனம், ஒரே மில் தீவனம் உள்ள இரண்டு ஷெட்டைத் தேர்ந்தெடு. ஒன்றுக்கு மட்டும் பொடி போட்டு எட்டு வாரம் ஓட்டு. அடுத்த எட்டு வாரம் ஷெட்டை மாற்றிப் போடு. கோழிக்கு வயது ஏறுவதால் வரும் வித்தியாசமும், ஒரு ஷெட் மேற்கு வெயில் வாங்குவதால் வரும் வித்தியாசமும் அப்போதுதான் கழியும். முட்டை எண்ணிக்கையோடு தீவன எடை, உடைசல், சாவு மூன்றையும் தினமும் எழுதச் சொல். 0.2 சதவீதம் இரண்டு ஷெட்டில் தெரியாது என்று முன்பே சொன்னேன். ஆனால் உடைசலும் தீவனச் செலவும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் அது ஒரு சேதி. சாயாவிட்டால் பொடியை நிறுத்திவிட்டு, அந்த 90 ரூபாயைக் கொண்டு நல்ல கிரிட் வாங்கச் சொல்.

இந்தச் சோதனையைக் கம்பெனிக்காரர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்பார். பொடியை மட்டும் வாங்கிக்கொள், பதிவேடு உன் கையில் இருக்கட்டும். பலன் இல்லை என்று வந்தாலும் அந்தப் பக்கங்களின் நகலை எனக்கு அனுப்பிவை. பலன் வந்த ஷெட்டுகளின் கதை என்னிடம் நிறைய இருக்கிறது. வராத ஷெட்டின் கணக்கைத்தான் யாரும் தருவதில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்