தோட்டக் கேள்வி-பதில்: வண்ண இலை மரங்கள்

சென்ற மாதத் தபாலில் பாதிக்கு மேல், நர்சரிக்காரர்கள் 'வேரிகேட்டட்' என்று சொல்லி விற்கும் வண்ண இலை மரங்களைப் பற்றியே வந்திருந்தபடியால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் லச்சகொட்டைக் கீரை மரத்தின் இலைகளெல்லாம் வெளிர் மஞ்சளாக இருக்கின்றன. இரும்புச் சத்துக் குறைவு என்று அன்னபேதி கரைத்து இரண்டு முறை ஊற்றினேன். குணம் தெரியவில்லை.
(வாசகி, விருத்தாசலம்)

பதில்: நோய் இல்லாத மரத்தில் குணம் எப்படித் தெரியும், அம்மா? அதன் சுபாவமான நிறமே அதுதான்; வெயில் படப்பட இன்னும் வெளிறும். அன்னபேதியை நிறுத்திவிட்டுத் தளிரைப் பறித்துக் கூட்டு வையுங்கள்.

கேள்வி: மஞ்சள் நரம்பு ஓடும் கல்யாண முருங்கை வைத்திருக்கிறேன். தளிரும் காம்பும் முண்டு முண்டாக வீங்கிச் சுருண்டுவிடுகின்றன. எந்த மருந்து அடிக்கலாம்?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: மருந்து அடிப்பதால் பெரும் பிரயோஜனம் இல்லை. அது கொசுவைவிடச் சிறிய ஒரு குளவியின் வேலை. தாய்க் குளவி இளந்தளிரின் சதைக்குள்ளேயே முட்டையிடுகிறது. புழு அதற்குள்ளிருந்தே தின்று வளர்வதால், மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004-ல்தான் இதற்கு விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். அதன் பின் சில வருஷங்களுக்குள்ளேயே நம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலிலும் மிளகுத் தோட்டத்திலும் படர்காலாக நின்ற முருங்கைகளையெல்லாம் அது பிடித்துவிட்டது. வீங்கிய நுனிகளை, உள்ளிருக்கும் குளவி வெளிக்கிளம்புமுன் ஒடித்து எரித்துவிடுங்கள். ஒடித்ததை மரத்தடியில் போட்டு வைப்பதும் ஒடிக்காமல் இருப்பதும் ஒன்றே.

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் வைத்த, வெள்ளை விளிம்பு இலை கொண்ட ஃபைகஸ் மரத்தில், அடியிலிருந்து ஒரு கிளை முழுப் பச்சையாகக் கிளம்பி மற்றவற்றைவிட உயரமாகிவிட்டது. செழிப்பாக இருப்பதால் வெட்ட மனம் வரவில்லை. விட்டுவிடலாமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: விடக் கூடாது. இதைப் படித்து முடித்த கையோடு கத்தியை எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த ஒரு விஷயத்தை எத்தனை முறை எழுதினாலும் ஜனங்கள் மனத்தில் பதிவதில்லை என்பதால், சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன். இலையில் வெண்மை இருக்கும் இடத்தில் பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாத இடத்தில் ஆகாரம் தயாராவதில்லை. ஆகவே நாம் காசு கொடுத்து வாங்கி வந்து ரசிக்கும் அந்த வெள்ளைப் பகுதி முழுவதும், பக்கத்திலிருக்கும் பச்சைப் பகுதியின் உழைப்பில்தான் ஜீவித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மரத்திலேயே ஒரு பாதி வெளுத்து மறுபாதி பச்சையாக உள்ள ஓர் இலையைத் தேடிப் பறித்து, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அது நேராக இராது. நடு நரம்பு வெளுத்த பக்கமாகவே அரிவாள்போல் வளைந்திருக்கும். பச்சைப் பாதி வளர்ந்த அளவுக்கு வெள்ளைப் பாதி வளர இயலாமையே அந்த வளைவுக்குக் காரணம். ஓர் இலைக்குள் நடக்கிற இதே சமாசாரம்தான், கிளைக்கும் கிளைக்கும் இடையே மரம் முழுவதிலும் நடக்கிறது.

இப்படிப்பட்ட மரம் பார்வைக்கு ஒன்றாயினும் உள்ளுக்குள் இரண்டு. தளிர் நுனி அடுக்கடுக்கான உயிரணுக்களால் ஆனது. அவற்றில் ஓர் அடுக்கு பச்சையத்தை இழந்தும் மற்றவை இழக்காமலும் இருக்கும்போதுதான் வெள்ளை விளிம்பு உண்டாகிறது என்பதை, எர்வின் பௌர் என்ற ஜெர்மானியர் ஜெரேனியச் செடிகளை ஆராய்ந்து 1909-ல் விளக்கினார். உள்ளடுக்கிலிருந்து மட்டும் ஒரு மொட்டுக் கிளம்பிவிட்டால், அது முழுப் பச்சைக் கிளையாகிறது. இலை முழுவதும் ஆகாரம் தயாரிப்பதால் அது இரட்டிப்பு வேகத்தில் ஓடி, வெயிலையும் வேரின் நீரையும் தனக்கே இழுத்துக்கொண்டு, வண்ணக் கிளைகளை நிழலில் தள்ளி உலர்த்திவிடுகிறது. நீங்கள் செழிப்பு என்று கண்டு மகிழ்வது, நீங்கள் வாங்கி வைத்த மரத்தின் அழிவையே. மாயவரத்தில் என் தமையனார் வீட்டு முற்றத்தில் இப்படித்தான் ஒரு மரம், 'பச்சையாக வருகிறதே, பாவம்' என்ற இரக்கத்தில் விடப்பட்டு, நான் இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, உள்ளே காய்ந்த நாலு குச்சிகளில் பத்துப் பன்னிரண்டு வெள்ளை இலைகளோடு, வெளியே சாதாரணப் பச்சை ஃபைகஸாக நின்றது. அப்போது வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, காலம் கடந்துவிட்டது.

வெட்டும்போது, கிளையைப் பாதியில் நறுக்காதீர்கள். நறுக்கினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். தாய்க்கிளையோடு சேரும் கணுவில், பட்டை கிழியாமல் ஒட்ட வெட்டுங்கள். பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை மரத்தைச் சுற்றி வந்து, பச்சை மொட்டு விரல் நீளம் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் கத்திக்கே அவசியம் நேராது. 'வெளுத்திருக்கிறதே' என்று யூரியா வைப்பதையும் விட்டொழியுங்கள். அந்த உரத்தால் பலன் பெறுவது பச்சைக் கிளையே. முழு வெள்ளையாக ஒரு கிளை வந்தால் அதையும் எடுத்துவிடலாம். தனக்குரிய ஆகாரத்தைத் தானே தேடிக்கொள்ள அதனால் ஆகாது.

மரம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஃபைகஸ் வேர் தண்ணீர்த் தொட்டியையும் சாக்கடைக் குழாயையும் தேடிப் போகும். பதினைந்து அடிக்குள் இருந்தால் வண்ணத்தைப் பற்றி யோசிக்குமுன் அதை யோசியுங்கள்.

கேள்வி: இலை விளிம்பு கருகுகிறது. காரணம் என்ன?
(வாசகி, மதுரை)

பதில்: மேற்கு வெயில், போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும். வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: நர்சரியில் விலை அதிகம் சொல்கிறார்கள். விதை போட்டு வளர்த்தால் அதே வண்ணம் வருமா?
(கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பௌர் எழுதிய அதே 1909-ல், கார்ல் காரென்ஸ் என்ற மற்றொரு ஜெர்மானியர் இதைப் பரிசோதித்த செடி, உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கக்கூடிய அந்திமந்தாரை. மகரந்தம் எந்தக் கிளைப் பூவிலிருந்து வந்தாலும், விதை விளைந்த கிளை எதுவோ அதுவே நாற்றின் நிறத்தைத் தீர்மானித்தது; பச்சைக் கிளை விதை பச்சையாகவும், வெள்ளைக் கிளை விதை வெளுத்து முளைத்துச் சில நாளில் மடிந்தும், வரிக் கிளை விதை மூன்று விதமாகவும் வந்தன. எல்லாச் செடிக்கும் இதுவே முறை என்று கொள்ள வேண்டாம். வண்ணம் வேண்டுமானால், வண்ணம் நன்றாக உள்ள கிளையிலிருந்து போத்து எடுங்கள். கல்யாண முருங்கை இதற்கு மிகவும் இசைவானது: இலை உதிர்ந்திருக்கும் சமயத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளையை வெட்டி, வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் கிடத்தி, பிறகு நடுங்கள். துளிர்க்கும் வரை தண்ணீரைக் குறைத்தே விடுங்கள், மிகுந்தால் அழுகும். யாரிடமாவது ஒரு கிளை கேட்டு வாங்கினால் காசே செலவில்லை.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரை மைல் தூரத்தில் வீடு. எந்த மரமும் காற்றில் தங்கவில்லை. வண்ண இலைக்கு ஆசைப்படலாமா?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: தாராளமாக ஆசைப்படலாம், ஐயா. வேரிகேட்டட் நீர்ப்பருத்தி என்று கேட்டு வாங்குங்கள். இதய வடிவ இலையில் பச்சையும் வெள்ளையும், இளந்தளிரில் ரோஜா நிறமும் கலந்திருக்கும். பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, மாலையில் செம்மை ஏறி, அன்றே உதிர்ந்துவிடும். கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன பச்சைக் கிளை எச்சரிக்கை இதற்கும் உண்டு. அதை ஒரு முறை திரும்பப் படியுங்கள். மற்றபடி கவலை வேண்டாம். நீர்ப்பருத்தி கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த மரம். உப்புக் காற்றையும் உப்பு மண்ணையும் அது தாங்கும்.