1, 3, 4, 2

வண்டூர் தென் அந்தமானில் உள்ள கடற்கரை ஊர். இங்கு உப்புக் காற்று வீசும். அது கார் ஒயர்களின் முனையை அரித்துவிடும்.

பழைய பெட்ரோல் காருக்கு வேறு இன்ஜின் மாற்றினார்கள். வண்டி நிற்கும்போது இன்ஜின் நடுங்கியது. சைலன்சரில் ‘டப் டப்’ என்று வெடித்தது. இன்ஜின் கெட்டுவிட்டதா? அவசரப்பட வேண்டாம்.

முதலில் பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும்.

அடுத்து பிளக் ஒயர்களைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் தீப்பொறி வரிசை 1, 3, 4, 2. ஒயரை மாற்றி மாட்டினால் நடுங்கும்; வெடிக்கும். டைமிங் தவறினாலும், கார்பரேட்டர் அடியில் காற்று கசிந்தாலும் இப்படி ஆகும்.

சரியான வரிசை இன்ஜின் புத்தகத்தில் இருக்கும். எண் படித்தவர் வீண் செலவைத் தவிர்ப்பார்.

பயிற்சி: தீப்பொறி வரிசையை எழுதுங்கள்.