மதர்போர்டை மாற்றும் முன்...

நானே பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில், கூடுதல் வேகத்திற்காக மதர்போர்டை மாற்றினேன். விண்டோஸ் 11 இயங்கியது. ஆனால் திரையின் ஓரத்தில், ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வரி! சாஃப்ட்வேர் இன்ஜினியரான நானே கவனிக்காமல் விட்டது, லைசென்ஸின் வகையை.

விலை குறைந்த ஓ.இ.எம். லைசென்ஸ், முதலில் பதிந்த கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது. வேகத்திற்காக மதர்போர்டை மாற்றினால், மைக்ரோசாப்ட் அதைப் புதிய கம்ப்யூட்டராகவே கருதும். ராம் மாற்றினால் பிரச்னை இல்லை. ரீடெய்ல் லைசென்ஸை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றில் பயன்படுத்தலாம்.

உங்களுடையது எந்த வகை? விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்துங்கள். ரன் கட்டத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, அதை ஒட்டி டி, எல், ஐ டைப் செய்து என்டர் தட்டுங்கள். சில விநாடிகளில் தோன்றும் சிறிய விண்டோவில் வகை தெரியும். வால்யூம் என்றிருந்தால் அது நிறுவனங்களுக்கானது. விற்றவரிடம் விளக்கம் கேளுங்கள்.

ரீடெய்ல் எனில், மதர்போர்டைக் கழற்றும் முன்பே மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் சைன் இன் செய்து லைசென்ஸை இணைத்துவிடுங்கள். மாற்றியபின் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் சென்று டிரபிள்ஷூட் கிளிக் செய்து, ஹார்ட்வேர் மாற்றியதைத் தெரிவிக்கலாம்.

நான் இரண்டாம் முறை பணம் கொடுத்தேன். நீங்கள் வாங்கும்போதே வகையைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.