புகை விலை

காவிரிப்பூம்பட்டினத்து மறுகுகளிற் குவிந்த பண்டங்களைப் பட்டினப்பாலை நிரல்பட எடுத்தோதுகின்றது. அந்நிரலிற் புகை இல்லை. இந்நாளிலோ புகைவிடும் உரிமையே நிறுத்து விற்கும் பண்டமாயிற்று. இவ்வாணிகம் ஆலைகளைத் திருத்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒரு வட்டாரத்து ஆலைகளெல்லாம் சேர்ந்து இத்துணை மாசே வெளிவிடலாம் என அரசாங்கம் மொத்த வரம்பு கட்டி, அதனை உரிமைச் சீட்டுகளாகப் பகுத்தளிக்கும். இரண்டு ஆலைகளைக் கொள்வோம். ஒரு கிலோ தூசியைத் தடுக்க ஒன்றுக்கு 10 ரூபாயும் மற்றதற்கு 60 ரூபாயும் செலவாகுமென்க. சீட்டின் விலை 30 ரூபாயாயின், முன்னது மேன்மேலும் தூசியைக் குறைத்து, மிஞ்சிய சீட்டை விற்று ஊதியங் காணும். பின்னது அதனை வாங்கும். வானில் ஏறும் மொத்தம் வரம்பைக் கடவாது. வரம்பு சுருங்கச் சுருங்கச் சீட்டின் விலை ஏறுமாதலால், பின்னதும் ஒருநாள் பழைய கொதிகலனை மாற்றுதலே இலாபமெனக் காணும்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. குஜராத், மகாராட்டிரம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாகாணங்களில் இதனைத் தொடங்க மத்திய அரசாங்கம் 2011-ஆம் ஆண்டளவில் எண்ணியது. முந்திக்கொண்டது குஜராத்து. 2019-இல் சூரத்து நகரில், நிலக்கரி எரிக்கும் 317 ஆலைகளைக்கொண்டு சோதனை நிகழ்ந்தது. அவற்றுட் பெரும்பாலன துணியாலைகள். குலுக்கல் முறையிற் சில சந்தைக்குள் வந்தன. ஏனையவை பழைய சட்டத்தின்கீழ் நின்றன. கிலோவுக்கு 5 ரூபாய்க்குக் கீழோ 100 ரூபாய்க்கு மேலோ விலை போகாதபடி எல்லையிட்டனர். சந்தைக்குட்பட்டவை ஏனையவற்றினும் நூற்றுக்கு 20 முதல் 30 வரை குறைவாகத் தூசி விட்டன என்பது 2025-இல் வெளியான ஆராய்ச்சியின் முடிபு. இருசாரார் புகைபோக்கிகளிலும் ஒரேவகை அளவுகருவி பொருத்தப்பட்டிருந்தமை கருதத்தக்கது. குறைவு கருவியால் மட்டும் விளைந்ததன்று, விலையால் விளைந்தது. பழைய சட்டம் வடிகட்டியை வாங்கச் செய்தது. அதனைச் செவ்வனே இயக்குவோர்க்கு அச்சட்டத்தால் வந்த ஆதாயம் யாது?

ஆயினும் இதனை ஆலைகளின் மறுபிறப்பென்று கூற யான் துணியேன். உள்ள வடிகட்டியைப் பேணுதல் வேறு, உலையையே மாற்றுதல் வேறு. பின்னதற்கு விலை நெடுங்காலம் உயர்ந்து நிற்றல் வேண்டும். நம் தேசத்து எரிபொருட் சிக்கனத் திட்டம் இதற்குச் சான்று. 2012 முதல் 2015 வரை நிகழ்ந்த அதன் முதற்சுற்றில் 478 பேராலைகள் இடம்பெற்றன. இலக்கினை மிஞ்சியவர்க்குச் சுமார் 38 இலட்சம் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. தவறியவர் வாங்கவேண்டியனவோ 14 இலட்சத்துச் சொச்சமே. விற்பார் மலிந்து கொள்வார் அருகிய சந்தையில் விலை நிற்குமோ? இலக்கு எளிதாயின், திருந்துதற்குரிய தூண்டுதலும் எளிதாகிவிடும்.

இனி எம் தளிப் பக்கம் நோக்குவோம். ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு அப்பால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். தூசி பற்றிய சந்தையை ஒரு மாகாணத்து வாரியம் மட்டும் நடத்துமாயின், இப்புறத்து வார்ப்பாலை தன் உலையைத் திருத்துவதினும் சில மைல் தூரம் பெயர்த்து வைப்பதையே மலிவெனக் கருதலாம். புகையோ காற்றோடு மீண்டும் எம்மவர் ரோஜாத் தோட்டங்களுக்கே வரும். 2023-இல் அறிவிக்கப்பட்ட கரியமில வாணிகத் திட்டம் தேசமுழுதுக்கும் ஒன்றாதலின் இக்குறை அதற்கில்லை. ஆனால் அது சிமிட்டி, அலுமினியம், காகிதம் போன்ற பெருந்தொழில்களையே கட்டுப்படுத்துவது. மோட்டார் உறுப்புகள் கடையும் எம் சிறு பட்டறைகள் அதன் வலைக்குட் படா. ஆகவே இவ்வெல்லைப்புறத்துக்கு ஒரு சந்தை வகுப்பதாயின், இரண்டு மாகாண வாரியங்களும் கூடி ஒரே வரம்பு கட்டுதல் வேண்டும். முதற்கண் இருபுறத்துப் புகைபோக்கிகளிலும் அளவுகருவிகள் ஏறுதல் வேண்டும்.